முதல் நாளே கேட்ட நாதம்

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் குளிக்கப் போவார்கள், இல்லாவிட்டால் பரோட்டா தின்னப் போவார்கள். நான் பெண்டாட்டியைக் கூட்டிவரப் போனேன். அதனால் அருவியின் அழகு, சாரலின் சுகம் என்று இதில் எதையும் தேட வேண்டாம். போன நாளிலிருந்து எனக்குக் கோபம்தான். எழுத உட்கார்ந்திருக்கிற இப்போதும் அது முழுசாக இறங்கவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் திருச்செங்கோட்டுக்காரன். படிப்பு நாலாம் வகுப்பு. போர்வெல் வண்டியில் ராடு தூக்கப் போனேன், பிறகு அந்த வண்டியை ஓட்டினேன், பிறகு அந்த வண்டியையே வாங்கினேன். இன்றைக்கு என் வண்டிகள் ராஜஸ்தானில் ஓடுகின்றன, ஒடிசாவில் ஓடுகின்றன, தான்சானியாவில்கூட ஒன்று நிற்கிறது. ஒட்டகம் செத்துக் கிடந்த பூமியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பூமிக்குள் ஆயிரம் அடி போய்ப் பார்த்தவனிடம் வந்து ‘உனக்குள்ளே போய்ப் பார்’ என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் எழுதப் போகிறேன்.

என் மனைவி ருக்குமணி, எங்கள் வீதிப் பெண்களோடு சேர்ந்து குற்றாலத்தில் மௌன முகாம் என்று கிளம்பினாள். வார விடுமுறைக்குத்தான் என்றாள். மற்ற பெண்கள் திரும்பி வந்தார்கள், இவள் வரவில்லை. ‘அக்கா இன்னும் கொஞ்ச நாள் இருக்கறேன்னாங்க’ என்றார்கள். கொஞ்ச நாள் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. போனை அணைத்து வைத்துவிட்டாள். “அம்மா இனிமே வரமாட்டாங்க போல இருக்குதுங்கப்பா” என்று என் மகன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தச் சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

கார் கடையநல்லூரில் படுத்துக்கொண்டது. பட்டறைக்காரர் துபாயிலிருந்து திரும்பி வந்தவர். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “துபாயில இந்த வண்டியப் பாத்துப் பாத்துத்தான் மொதலாளி எனக்குத் தலமுடி கொட்டிச்சு. பார்ட்டு வரணும். நீங்க பஸ்ஸுல போயிருங்க” என்று சிரித்தார். என் வண்டி நின்றதில் இவருக்கு என்ன சிரிப்பு? பஸ் ஏறினேன். தென்காசியில் மாறி, குற்றாலம் வழியாகச் செங்கோட்டை போகிற பஸ்ஸில் உட்கார்ந்தேன். அது என்னைக் குற்றாலத்தில் இறக்காமல் செங்கோட்டைக்கே கொண்டு போய்விட்டது.

“ஏன்யா, குத்தாலம்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?” என்று கண்டக்டரைப் பிடித்தேன்.

“குத்தாலம் எறங்கு, குத்தாலம் எறங்குன்னு தொண்ட கிழியக் கத்துதேன் அண்ணாச்சி. நீங்க சன்னல் வழியா மலையப் பாத்துக்கிட்டு இருக்கிய. ஒங்கள என்ன, இடுப்புல தூக்கியா எறக்க முடியும்?”

பஸ் மொத்தமும் சிரித்தது. என் ஆயுளில் என்னைப் பார்த்து ஒரு பஸ் சிரித்தது அன்றைக்குத்தான்.

செங்கோட்டை டீக்கடையில் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி நன்றாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆனால் கடைக்காரர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. இந்தச் சீமைக்காரர்கள் வாய்க்குள்ளேயே பேசி வாய்க்குள்ளேயே முழுங்கிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் ஒருவன் பேசினால் நாலு வீதிக்குக் கேட்கும். அதுதான் பேச்சு என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஐந்தருவிக்குப் போகிற பாதையில், மலையை ஒட்டி ஓட்டுக் கூரை போட்ட ஒரு கூடம். அதுதான் முகாம். சாமியாரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்தேன். சாமியாரே இல்லை. படம் இல்லை, மாலை இல்லை, உண்டியல் இல்லை. தென்காசிப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற காந்திமதியம்மா என்கிறவர்தான் நடத்துகிறார். சண்டை போட ஆள் இல்லாதது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“ருக்குமணியக் கூப்பிடுங்க. கூட்டிட்டுப் போகோணும்” என்றேன்.

“அவங்கள யாரும் புடிச்சு வைக்கலைய்யா. வாசல் தொறந்துதான் கெடக்கு. ஆனா இப்ப மௌனத்துல இருக்காங்க. நீங்க பேசலாம், அவங்க பதில் சொல்லமாட்டாங்க.”

“ஊட்லயே அவ பேசறதில்லீங்க. அதுக்கு இத்தன தூரம் வந்து காசு குடுத்து உக்காரோணுமா?”

அந்தம்மா முகாமின் வழக்கத்தைச் சொன்னார். மௌனத்தைக் கூடத்தில் வைத்துக் கலைப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அருவிக்குப் போய், தண்ணீருக்கு அடியில் நின்று முதல் வார்த்தையைச் சொல்ல வேண்டும். அந்த இரைச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் கேட்காது. அவரவர் வார்த்தை அவரவருக்கும் தண்ணீருக்கும். அதுவரை நானும் தங்கி உட்காரலாம் என்றார். அவளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினால் ஊரில் என்ன பேசுவார்கள்? தங்கினேன்.

மறுநாள் காலை கூடத்தில் உட்கார வைத்தார்கள். நான் முதல் வரிசை. எங்கே போனாலும் எனக்கு முதல் வரிசைதான். பெண்கள் பக்கம் ருக்குமணி இருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். அதிர்ச்சி இல்லை, சந்தோஷமும் இல்லை. கரண்ட் பில் கட்ட வரிசையில் நிற்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

காந்திமதியம்மா எதிரே உட்கார்ந்து சொன்னார்: “வெளிச் சத்தத்த ஒண்ணொண்ணா விட்டுட்டு உள்ள போங்க. உள்ள போகப் போக ஒரு நாதம் கேக்கும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. சிலருக்கு வருசக்கணக்காகும். சிலருக்குக் கேக்காமலே போகலாம். தேடாதீங்க. சும்மா கேளுங்க.”

கண்ணை மூடினேன். முதலில் டிரைவர் ஞாபகம், கியர்பாக்ஸ் ஞாபகம், தான்சானியா வண்டிக்கு டீசல் போட்டார்களா என்கிற ஞாபகம். அதெல்லாம் ஓய்ந்த பிறகு கேட்டது. ஙொய்ய்ய்... என்று ஒரே சுருதியில், தூரத்துக் காட்டில் இரவெல்லாம் ஒரு கம்ப்ரசர் ஓடுகிற மாதிரி, நிற்காத ஒரு நாதம். உடம்பு சிலிர்த்துவிட்டது. வருஷக்கணக்காகும் என்றார்களே! நான் முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டேன். எதில்தான் நான் பின்தங்கினேன்?

பேச அனுமதி இருக்கிற ஆபீஸ் அறைக்குப் போய் அந்தம்மாவிடம் சொன்னேன். “அப்படியா?” என்றார். “அது கூடவே இருங்க. யார்ட்டயும் சொல்லிக்கிட வேண்டாம்.”

சொல்லாமல் இருக்கிறதற்கு நான் என்ன திருடினேனா? மகனுக்குப் போன் போட்டு, “உங்கொப்பன் எட்டிப்புடிச்சுட்டேன்டா” என்றேன். சாப்பாட்டுக் கூடத்தில் பேசக் கூடாது, அதனால் கை ஜாடையில் சொன்னேன். போர்வெல்காரனுக்குக் கை ஜாடை சொல்லித் தர வேண்டியதில்லை. கம்ப்ரசர் ஓடும்போது வண்டிப் பக்கத்தில் யார் பேசினாலும் கேட்காது. விரலைச் சுழற்றினால் ராடைச் சுற்று. கட்டைவிரலைத் தூக்கினால் மேலே இழு. உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் இன்ஜினை நிறுத்து. எங்களுக்கு அதுதான் பாஷை. ருக்குமணிக்கும் அது தெரியும். கல்யாணமான புதிதில் வண்டியோடு வந்து ஆட்களுக்குச் சமைத்துப் போட்டவள்தான். நான் என் காதைத் தொட்டு, மேலே காட்டி, கட்டைவிரலைத் தூக்கினேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தபடியே உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

அந்தக் கஞ்சியையும் சொல்ல வேண்டும். பாசிப்பருப்புக் கஞ்சி, தேங்காய்த் துவையல். துவையலில் உப்பு இருந்ததா என்று ஆராய்ச்சிதான் செய்ய வேண்டும். எங்கள் பக்கம் விருந்தாளிக்கு இப்படி ஒரு வேளை போட்டால் சம்பந்தமே முறிந்துவிடும்.

முகாம் வாசலில் சுடலைமுத்து என்று ஒருவர் காவல் இருந்தார். ஆலங்குளத்துப் பக்கம். ராணுவத்தில் பீரங்கிப் படையில் இருந்து வந்தவர். வாசல் ஆள் என்பதால் அவர் பேசலாம். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சாயங்காலம் அவரிடம் போய் என் நாதத்தைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“அண்ணாச்சி, ஒத்தக் காதுலயா, ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்.”

“நீங்க என்ன தொழிலு?”

சொன்னேன். எத்தனை வண்டி, எத்தனை ராஜ்ஜியம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்பச் சரி. எனக்கு எடது காதுல மட்டும் கேக்குது. பீரங்கி பக்கத்துலயே நின்னு நின்னு வந்த நாதம் இது. ஆசுபத்திரியில டாக்டர் சொல்லிட்டாரு, காது நரம்பு போச்சு, வெறும் இரைச்சல்தான் மிச்சம்னு. அதுக்கு நீங்க இம்புட்டுத் தூரம் வந்து சம்மணம் போட்டு உக்காந்திருக்கிய!”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “யாரைப் பாத்துச் செவிடுங்கற?”

“நீங்க இந்தா இந்தப் படியில ஏறி வரும்போது பின்னாலேருந்து கூப்பிட்டேன். செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வாங்கன்னு நாலு தடவ கூப்பிட்டேன். திரும்புனியளா?”

குனிந்து பார்த்தேன். செருப்போடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

“நான் ஆருன்னு தெரியுமா உனக்கு?” என்று கத்தினேன். மௌன முகாமில், தியான நேரத்தில், ஓடு அதிரக் கத்தினேன். கூடத்திலிருந்து எல்லாத் தலையும் திரும்பியது. வராந்தாவில் தண்ணீர்ப் பானை பக்கத்தில் ருக்குமணி நின்றுகொண்டிருந்தாள். “ஏ புள்ள, இவன் என்னையச் செவிடுங்கறான். நீ சொல்லு!” என்றேன்.

அவள் என் காதைக் காட்டினாள். பிறகு கத்துகிற மாதிரி வாயைத் திறந்து மூடி, தன் தொண்டையைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். நான் அவளுக்கு எத்தனையோ நகை வாங்கிப் போட்டிருக்கிறேன், அந்தக் கழுத்தை அதற்கு முன்னால் நான் இப்படிப் பார்த்ததில்லை.

“இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?” என்றேன்.

பதில் சொன்னது சுடலைமுத்து. அவர் குரல் இப்போது தணிந்திருந்ததால், என் முன்னால் வந்து நின்று உதட்டை அசைத்துச் சொன்னார். “சொல்லியிருப்பாவ அண்ணாச்சி.”

அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. குற்றாலம் கடைத்தெருவுக்கு நடந்தேன். பரோட்டாவும் நாட்டுக்கோழி வறுவலும் வாங்கி, மௌனமாவது மண்ணாவது என்று சால்னாவை ஊற்றிப் பிசைந்தேன். ஆனால் அந்தப் பீரங்கிக்காரன் என் சாப்பாட்டையும் கெடுத்துவிட்டான். கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். கொத்து பரோட்டா தட்டுகிற சத்தம் கேட்டது. பஸ் ஹாரன் கேட்டது. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பமே பேசிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தால் வாய் அசைகிறது, மூடினால் ஙொய்ய்ய்தான். வெளியே மங்குஸ்தான் விற்கிற பெண் கூவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன், அவளும் இல்லாமல் போய்விட்டாள். முன்னால் திரும்பினேன், வந்தாள். அப்படித் திரும்பித் திரும்பி நின்றதைப் பார்த்து, “பழம் வேணுமா வேண்டாமா, சொல்லுங்க பெரியவரே” என்று அதட்டினாள். அதட்டினது கேட்டது. ஒரு கிலோ வாங்கினேன்.

எனக்கு வந்ததைப் பயம் என்று எழுதமாட்டேன். ஆளில்லாத பாலைவனத்தில் ஆயிரம் அடி இறங்கியும் ஈரம் தட்டாதபோது வருமே, அந்த மாதிரி.

திரும்பி வந்து காந்திமதியம்மாவைப் பிடித்தேன். “அப்ப இது நாதமில்லீங்களா? வெறும் காதுக் கோளாறா? தெரிஞ்சேதான் ‘கூடவே இருங்க’ன்னீங்களா?”

“எனக்கு எப்படிய்யா தெரியும்? காதுக்கு டாக்டரப் பாருங்க” என்றார் அவர், நிதானமாக, சத்தமாக. “ஆனா ஒண்ணு கேக்கேன். ஒரு சத்தத்த, குறுக்கப் பேசாம, காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் உக்காந்து கேட்டிய. இதுக்கு முன்ன எதையாவது, யாரையாவது, அப்படிக் கேட்டிருக்கியளா?”

டீச்சர் புத்தி! நாலாம் வகுப்போடு ஓடி வந்தவனை அறுபத்தைந்து வயசுக்கு மேல் பிடித்து பெஞ்சில் ஏற்றுகிறார். “எனக்குத் தொழில் இருந்துச்சுங்க” என்றேன். அவர் தலையசைத்தார். அந்த அசைப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாளும் போய் உட்கார்ந்தேன், முதல் வரிசையில் இல்லை, ருக்குமணி முகம் தெரிகிற இடத்தில். உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு அதற்கு அந்தப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. ஜெபமா, திட்டா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலையில் ராத்திரியெல்லாம் மழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கயிறு கட்டியிருந்ததைக் கவனிக்காமல் நான் பாட்டுக்கு நடந்துவிட்டேன். ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

“விசில் ஊதுதேன், ஊதுதேன், நீங்க பாட்டுக்கு வெள்ளத்துக்குள்ள போறிய? வீட்டுல சொல்லிட்டு வந்தியளா?”

“ஊட்டுக்காரி வாயத் தொறக்கறதுக்குத்தான்யா வந்திருக்கறேன். தண்ணி வந்தாத் தட, தண்ணி இல்லீன்னா வெறும் பாறை. என்ன ஊருய்யா இது? எங்க ஊருல நான் கேட்டா பூமியே தண்ணி குடுக்கும்!”

“அப்ப அங்கனயே போயிக் குளிங்க அண்ணாச்சி” என்றார். ஒரு நாள் போயிற்று. அந்த ஒரு நாளும் நான் ஊரிலுள்ள எல்லாரையும் திட்டிக்கொண்டே இருந்தேன், மனசுக்குள்ளே.

மறுநாள் தண்ணீர் அடங்கித் தடையை எடுத்தார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நிற்கிற கூட்டத்துக்கு நடுவே நாங்கள் போனோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்தேன். மண்டையில் ஆயிரம் பேர் அடித்த மாதிரி விழுந்தது. அந்த இரைச்சலில் என் நாதம் காணாமல் போனது. அங்கே எல்லாரும் செவிடு. எனக்கு ஒருவிதத்தில் நியாயமாகப் பட்டது.

நடுவிலிருந்த தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ருக்குமணி நின்றாள். நரைத்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, மேலே விழுகிற தண்ணீரைப் பார்த்து வாயைத் திறந்தாள். நீளமாக ஏதோ சொன்னாள். முதல் வார்த்தை என்றுதான் சொன்னார்கள். அவள் ஒரு கதையே சொன்னாள். முகம் கோணியது, பிறகு அமைதியானது. “என்ன? என்ன சொல்றே? ஏ புள்ள, என்ன சொல்றே?” என்று நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, மெதுவாக, இரண்டு தடவை அமுக்கினாள். இன்ஜினை நிறுத்து.

நிறுத்தினேன்.

ஈரத்துணியோடு வெளியே வந்தபோது கேட்டேன். “அங்க என்ன சொன்ன?”

“அது உங்களுக்குச் சொன்னதில்லீங்க” என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள், என் முகத்துக்கு நேராக நின்று. குரல் தேய்ந்த வாஷர் மாதிரி கரகரத்தது. சொல்லி முடித்து இருமினாள்.

“ஊருக்குப் போலாமா?”

“தென்காசி வரைக்கும் வாரேன். வாங்க.”

அவ்வளவுதான். வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. பையை எடுக்கவில்லை. பை முகாமிலேயே கிடந்தது. சுடலைமுத்து வாசலில் நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். நான் திருப்பி வைக்கவில்லை.

தென்காசியில் கோயில் கோபுரத்துக்குள் நுழைகிறவர்களைக் காற்று தள்ளும் என்பார்கள். ருக்குமணி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போகவில்லை. ஆட்டோவை அதற்கு அடுத்த தெருவில் நிறுத்தி ஒரு காது மெஷின் கடைக்குள் தள்ளினாள். ஊர் ஊராகப் போய் வந்தவன், கலெக்டர் எழுந்து நின்று கை கொடுத்தவன், காதில் சுண்டைக்காய் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு போர்வெல் ஓனர்கள் கூட்டத்தில் உட்கார வேண்டுமாம். “எனக்கு இது வேண்டாம்” என்றேன். ருக்குமணி கதவைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

கடைப் பெண் என்னைக் கண்ணாடி அறையில் வைத்துச் சோதித்தாள். “சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க தாத்தா.” நான் நன்றாகத்தான் அமுக்கினேன். கேட்காதபோதும் சில தடவை அமுக்கினேன், தோற்கப் பழக்கமில்லை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். “இதுல மார்க்கு கெடையாது தாத்தா” என்றாள். வெளியே ருக்குமணி பக்கத்தில் உட்கார வைத்து, மாதிரிக்கு ஒரு ஜோடியை இரண்டு காதிலும் மாட்டி, எதையோ திருகிவிட்டு, “கம்ப்யூட்டர்ல செட் பண்ணிட்டு வாரேன், இருங்க” என்று உள்ளே போனாள்.

முதலில் மின்விசிறி வந்தது. அது இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. பிறகு என் வேட்டி உரசுகிற சத்தம். வெளியே ஒரு சைக்கிள் மணி. பிறகு பக்கத்து நாற்காலியில் கண்ணாடி வளையல். அந்த வளையலை எத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! கம்ப்ரசர் எங்கோ பின்னால் போய்விட்டது.

ருக்குமணி சுவரிலிருந்த காது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடுவது அவளுக்குத் தெரியாது. படத்திடம் பேசுகிற மாதிரி, வாய்க்குள்ளேயே, தணிந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

“இதையும் எங்கியாச்சும் கழட்டி வெச்சுப்போட்டு ஊரெல்லாம் தேடப்போறான், பாரு.”

தேடப்போறானா? என் முகத்துக்கு நேராக ‘ஏனுங்க, வாங்க, சாப்டீங்களா’ என்று சொல்கிறவள்! இத்தனை வருஷமாக என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, என் காதுக்கு எட்டாமல், அவன் இவன் என்று குடும்பம் நடத்தியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடி அறையே நொறுங்கியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

அவள் நிறுத்தவில்லை. “பைய வேற முகாம்லயே போட்டுட்டு வந்தாச்சு. போயி எடுத்தாரோணும். கார் என்ன ஆச்சோ ஏதாச்சோ. ஊட்டுக்குப் போனதும் மொதல்ல அந்த டிவிச் சத்தத்தக் கொறைக்கச் சொல்லோணும்...”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். கேட்காதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, காந்திமதியம்மா சொன்னபடி முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடினேன். இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாளோ, எல்லாவற்றையும் கேட்டாக வேண்டியிருந்தது.